மாத்திரை கிடைக்கிறது, சொல் கிடைக்கவில்லை

இது நீண்ட பதிவு. மொழியியல், சமூகவியல், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோர் இறுதிவரை வாசித்து மறுக்க வேண்டியதை மறுக்கவும் என்ற வேண்டுகோளுடன் தொடங்குகிறேன்.

தொடர்சிகிச்சைத் திட்டங்களில் ‘டிஃபால்ட்டர்’ என்றொரு சொல் புழங்குகிறது. கடன் வாங்கித் தவணை கட்டத் தவறியவரைக் குறிக்க வங்கிகள் வழங்கும் அதே சொல். காசநோய்த் திட்டங்களில் நெடுங்காலம் இருந்த அச்சொல், இன்று உயர் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்து பெறுவோர் மீதும் ஒட்டப்படுகிறது. குறித்த நாளில் மாத்திரை வாங்க வராதவர் டிஃபால்ட்டர். வாங்கியும் உட்கொள்ளாதவர் டிஃபால்ட்டர். கடனாளி யார் என்பதை அச்சொல் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழர்களைப் பொறுத்தவரை அத்தீர்ப்பு தலைகீழானது என்பதே என் வாதம். அங்கே தவணை தவறியது சுகாதார அமைப்பு. அது கொடுக்கத் தவறிய பொருள் மாத்திரை அன்று. மாத்திரையுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டிய சொல்.

கேரளத்தின் பொதுச் சுகாதாரத்தை இகழ்வது என் நோக்கமன்று. 2017இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியின் முதற்கட்ட 5 மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. அதே ஆண்டில் தொடங்கிய ‘ஆர்த்ரம்’ இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றத் தொடங்கியது. 30 வயதைக் கடந்தோரை வீடுதோறும் கணக்கெடுக்க ஆஷா பணியாளர்கள் ‘சைலி’ செயலியுடன் படியேறுகிறார்கள். இவை அனைத்தும் மெய்யான சாதனைகள். ஆயினும் 2016–17இல் மாநிலம் தழுவி நடைபெற்ற ஆய்வொன்று, வயது வந்தோருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதையும், அவர்களுள் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கே அது கட்டுக்குள் இருப்பதையும் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலக அளவில் ஐந்தில் ஒருவருக்குக் கட்டுக்குள் இருக்கிறது. எழுத்தறிவிலும் மருத்துவமனைகளின் எண்ணிக்கையிலும் முன்னணியில் நிற்கும் மாநிலத்தின் நிலை இது.

இந்த எட்டில் ஒருவர் என்பது சராசரி. மருத்துவரின் மொழியும் நோயாளியின் மொழியும் ஒன்றாக இருக்கும் பெரும்பான்மையினரை வைத்து அமைந்த சராசரி. மொழி வேறானவர்களின் நிலையை அச்சராசரி பிரித்துக் காட்டுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காட்டினர். மாநிலக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத எண். இடுக்கியிலோ ஏறத்தாழ ஆறில் ஒருவர் தமிழர். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும், உடும்பன்சோலையின் ஏலத் தோட்டங்களிலும், பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளிலும் தமிழ் அன்றாட மொழி. 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது எல்லைக்கோடு இவர்களைக் கேட்டு வரையப்படவில்லை. பீர்மேட்டுத் தோட்டங்களின் தலித் தமிழ்த் தொழிலாளர் வாழ்வை ஜெயசீலன் ராஜ் தம் இனவரைவியல் நூலில் விரிவாக எழுதியுள்ளார். 2015 செப்டம்பரில் மூணாறில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேரளம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு லயங்களை மூடியபோது மீண்டும் பார்த்தது. இடைப்பட்ட நாள்களில் அவர்களின் உடல் யாருடைய கவனத்திலும் இல்லை.

பிற நோய்களை விட்டு இந்நோயை மட்டும் ஏன் மொழியுடன் இணைக்கிறேன் என்று கேட்கலாம். எலும்பு முறிந்தவனுக்கு மொழி தெரியாவிட்டாலும் வலி தெரியும். கட்டுப் போடும் இடத்தைக் கையால் காட்டுவான். காய்ச்சல் கண்டவளுக்கு மாத்திரையின் பயன் மறுநாளே தெரிகிறது. உயர் இரத்த அழுத்தமோ பெரும்பாலும் அறிகுறியற்றது. 140/90 என்ற எல்லையைத் தாண்டிய உடல் வலிப்பதில்லை. மாத்திரை உண்டால் உடல் நலமடைந்ததாக உணர்வதில்லை; நிறுத்தினால் கெட்டதாகவும் உணர்வதில்லை. பக்கவாதமோ மாரடைப்போ சிறுநீரகச் செயலிழப்போ பல ஆண்டுகள் கழித்து வருகின்றன. ஆகவே உணரப்படாத ஒரு நோய்க்கு, உணரப்படாத பயனுக்காக, வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் மாத்திரை உண்ண ஒருவரை இணங்கச் செய்வது எது? சொல் மட்டுமே. இந்நோயில் விளக்கம் சிகிச்சையின் பாதி. அப்பாதியை நோயாளிக்குப் புரியாத மொழியில் வழங்கிவிட்டு மறுபாதி பயனளிக்கவில்லை என்று வியப்பது அறிவுடைமை ஆகாது.

“மலையாளமும் தமிழும் உடன்பிறந்தவை, எப்படியும் புரிந்துவிடும்” என்பது எல்லைப் பகுதிகளில் அடிக்கடி கேட்கும் கூற்று. மொழியியல் பயின்ற எனக்கு இக்கூற்றே பெரிய இடராகத் தோன்றுகிறது. முற்றிலும் அறியாத மொழியில் பேசினால் கேட்பவர் “புரியவில்லை” என்று சொல்லிவிடுவார். நெருங்கிய மொழியிலோ புரிந்ததாக எண்ணித் தலையசைப்பார். பேசியவரும் புரிந்தது என்று அடுத்தவரை அழைப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் செய்தி போய்ச் சேரவில்லை.

மூன்று சான்றுகளைக் காண்க.

முதலாவது, ‘ராவிலெ’. மலையாளத்தில் இதன் பொருள் ‘காலையில்’. தமிழ்ப் பேச்சு வழக்கில் ‘ராவுல’, ‘ராவிலே’ என்றால் ‘இரவில்’. “ராவிலெ மாத்ரம்” என்று மருந்தாளுநர் சொன்னால் “காலையில் மட்டும்” என்பது அவர் கருத்து. தமிழ்ச் செவிக்கு அத்தொடர் “இரவில் மாத்திரை” என்று ஒலிப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு; ‘மட்டும்’ என்ற பொருளுடைய சொல் ‘மாத்திரை’ ஆகிவிடுகிறது. சிறுநீர் பெருக்கி வகை மாத்திரையைக் காலையில் உண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதை இரவில் உண்டால் நள்ளிரவில் இரண்டு மூன்று முறை எழ நேரும். கழிப்பறை வெளியே இருக்கும் ஒரு லயத்தில், மூணாற்றுக் குளிரில், அறுபது வயதுப் பெண் எத்தனை இரவுகள் அதைப் பொறுப்பார்? நான்காம் நாள் மாத்திரை நின்றுவிடும். பதிவேட்டில் ஒரு டிஃபால்ட்டர் கூடுவார்.

இரண்டாவது, ‘நிர்த்தருது’. “மருந்நு நிர்த்தருது” என்றால் “மருந்தை நிறுத்தக் கூடாது”. இத்தொடரின் உயிர் ‘-அருது’ என்னும் விலக்கு விகுதியில் இருக்கிறது. இன்றைய தமிழ்ப் பேச்சில் அவ்விகுதி இல்லை. நாம் ‘கூடாது’ என்கிறோம். கொங்குப் பேச்சில் ‘நிறுத்தறது’ என்றால் ‘நிறுத்துவது’. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே ஒலி, பொருளோ நேரெதிர். தேனி வழக்குப் பேசும் உடும்பன்சோலைத் தொழிலாளி ‘நிப்பாட்டுறது’ என்பார். அவருக்குக் குழப்பம் வேறு வகையில் வரும். சிகிச்சை முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும் ஒற்றை எதிர்மறை, கேட்பவரின் இலக்கணத்தில் இல்லாத ஓர் உருபில் ஒளிந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, ‘மயக்கம்’. இது எதிர்த்திசையில் நிகழும் பிழை. தமிழர் “மயக்கமா வருது” என்றால் தலைசுற்றி விழப்போகும் நிலையைச் சொல்கிறார். மலையாளத்தில் ‘மயக்கம்’ பெரும்பாலும் தூக்கக் கலக்கம். தலைசுற்றலுக்குத் ‘தலகறக்கம்’ என்று வேறு சொல் உண்டு. மருந்தின் அளவு மிகுந்து, எழுந்து நிற்கும்போது அழுத்தம் சரிவதை மருத்துவருக்கு அறிவிக்கும் முதல் சொல் இதுவே. சரிவான தேயிலைக் காட்டில் நிற்பவருக்கு அது விழுந்து அடிபடும் அபாயம். கேட்டவருக்கு அது வெறும் உறக்கச் சோர்வாகப் பட்டால் மருந்தின் அளவு மாறாது.

எல்லைத் தமிழர் அனைவரும் இப்படித் தவறாகக் கேட்பர் என்று நான் சொல்லவில்லை. இருமொழியிலும் தேர்ந்தோர் பலர். பள்ளியில் மலையாளம் படித்த இளையோர் எளிதில் கடந்துவிடுவர். ஆனால் உயர் இரத்த அழுத்தம் மிகுதியாகக் காணப்படுவது முதியோரிடம். தோட்டத்துக்குள்ளேயே பிறந்து, தமிழ்க் கங்காணியிடம் வேலை செய்து, ஓய்வு பெற்றவர்கள் அவர்கள். மொழித்திறன் எங்கே குறைவோ அங்கே நோய் மிகுதி.

சொல் தவறுவதற்கு அப்பால் கருத்து தவறுவதும் உண்டு. தமிழில் இந்நோய்க்கு மக்கள் வழங்கிய பழைய பெயர் ‘இரத்தக் கொதிப்பு’. கொதிப்பு என்றால் அடுப்பிலேற்றிய நீர் போல எழுவது, பின் தணிவது. கோபம் வந்தால் கொதிக்கும். மனம் அமைதியானால் அடங்கும். இவ்வுருவகத்தை ஏற்றவர், உடல் கொதிக்காத நாளில் மாத்திரையை விடுவது அவருடைய தருக்கத்தின்படி முற்றிலும் சரி. இதை அறியாமை என்று இகழ வேண்டாம். மானிடவியலாளர் டான் புளூம்ஹேகன் 1980இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் சியாட்டில் நகர நோயாளிகள் பலர் ‘ஹைப்பர்டென்ஷன்’ என்ற சொல்லை ‘மிகையான டென்ஷன்’ என்றே புரிந்திருந்ததைக் காட்டினார். அவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பெயர் ஒரு கோட்பாட்டைச் சுமந்து வருகிறது. அக்கோட்பாட்டுடன் உரையாடி அதை மாற்ற நோயாளியின் மொழிக்குள் நுழைய வேண்டும். ‘ரக்தசம்மர்த்தம்’ என்று எழுதிய சுவரொட்டி அவ்வாசலைத் தட்டுவதுகூட இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்: “கூலி, வேலை நேரம், தொலைவு இவையல்லவா முதன்மைத் தடைகள்? மொழியை ஏன் முன்னிறுத்துகிறீர்கள்?” நியாயமான கேள்வி. அத்தடைகளை நானே அடுக்குகிறேன். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புவோர் ஏராளம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அவர்கள் வீட்டைத் தேடி வரும் பகற்பொழுதில் அவர்கள் கேரளத்தில் இருக்கிறார்கள். கேரளத்து ஆஷா தம் பகுதி வீடுகளைக் கணக்கெடுக்கும்போது அவர்களுக்கு அங்கே வீடே இல்லை. இரு மாநிலங்களின் நல்ல திட்டங்களுக்கும் நடுவே ஒரு ஜீப் அளவு இடைவெளி. கொழுந்தெடுக்கும் பெண்கள் பணியிடத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறார்கள். அவர்களுக்குச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை தண்டனை. தோட்டங்களில் குடிநீர், கழிப்பறை, மருத்துவ வசதி ஆகியவற்றை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கியது. சட்டம் வந்த வேகத்தில் கழிப்பறை சரிவேறி வரவில்லை. உணவில் உப்பு இருக்கிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வியர்வை சிந்தி உழைப்பவரின் கஞ்சிக்கு ஊறுகாயும் கருவாடும் துணை. “உப்பைக் குறை” என்ற கட்டளை அந்தத் தட்டில் வேறென்ன வைக்கலாம் என்று சொல்வதில்லை.

இத்தடைகள் அனைத்தும் உண்மை. ஆனால் இவற்றுள் ஒவ்வொன்றையும் நோயாளி யாரிடமாவது சொல்ல வேண்டும் அல்லவா? “இந்த மாத்திரையைப் போட்டால் காட்டில் ஒதுங்க இடமில்லை” என்று ஒரு பெண் சொல்ல முடிந்தால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றலாம். “நான் வியாழக்கிழமை வர முடியாது” என்று சொல்ல முடிந்தால் மூன்று மாத மருந்தைச் சேர்த்துத் தரலாம். காரணம் சொல்ல மொழியில்லாதபோது காரணமே இல்லை என்று பதிவாகிறது. பிற தடைகள் வெளியே வரும் வாசல் மொழி. அது அடைபட்டால் உள்ளே எத்தனை தடைகள் இருக்கின்றன என்பதே தெரியாது. நீண்டகாலச் சிகிச்சையைப் பின்பற்றுதல் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, நோயாளியைக் குறை கூறாமல் அவருக்குத் துணை நிற்க வேண்டும் என்று வலியுறுத்தியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் வாயில் டிஃபால்ட்டர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடனும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள உள்ளூர் அலுவலகங்களுடனும் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு, குறை தீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை நாட்டில் அல்லது மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையைத் தருகிறது. ஆகவே கொழிஞ்சாம்பாறையில் ஒருவர், தமக்கு மருந்து பற்றிய அறிவுரை புரியவில்லை என்று அரசுக்குத் தமிழில் மனு எழுதலாம். அந்த மருந்தை எந்த வேளையில் உண்பது என்பதைத் தமிழில் கேட்டறியும் உறுதி மட்டும் அவருக்கு இல்லை. முறையிடும் உரிமை உண்டு; முறையீடு எழாமல் இருப்பதற்கான ஏற்பாடு இல்லை. இதனினும் கூர்மையான முரணை எந்த நையாண்டிக் கதையிலும் காண இயலாது.

“தலைமுறைகளாக அங்கே வாழ்வோர் மலையாளம் கற்கட்டுமே” என்பது அடுத்த மறுப்பு. கற்கிறார்கள், கற்கட்டும். ஆனால் எழுபது வயதில் மொழி கற்றுத் தேறுவதைச் சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக்கும் மருத்துவ அறம் எது? இதை எல்லைக் கோரிக்கையாகத் திரிப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு எந்த வட்டமும் எந்த மாநிலத்திலும் சேர வேண்டியதில்லை. கூடலூரிலும் கோவையிலும் வாழும் மலையாளிக்கு இதே உரிமையைத் தமிழ்நாடு தர வேண்டும் என்பதும் என் வாதத்தின் பகுதி. சிங்கப்பூரில் தமிழர் சிறு பங்கினரே. ஆயினும் தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. பொதுச் சுகாதார அறிவிப்புகள் தமிழிலும் வருகின்றன. அதனால் அந்நாட்டின் ஒருமைக்கு எந்தக் குறையும் நேரவில்லை.

நம்மவர்க்கும் ஒரு சொல். மலையாளச் சுவரொட்டியைப் புத்தகத் தமிழில் பெயர்த்து ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் தமிழறிஞர் கூட்டம் ஒன்று உண்டு. ‘தொற்றா நோய்’, ‘உயர் குருதி அழுத்தம்’ என்று எழுதினால் லயத்துப் பாட்டிக்கு அது மூன்றாவது அயல்மொழி. அவருக்குத் தெரிந்தது ‘பிரஷர்’. அதைச் சொல்லக் கூசும் தூய்மைவாதம் யாருக்குப் பணி செய்கிறது? அட்டப்பாடியின் இருளரும் இடமலக்குடியின் முதுவரும் தமிழுமல்லாத மலையாளமுமல்லாத தம் மொழிகளைப் பேசுகிறார்கள். அவர்களை ‘தமிழ் தெரிந்தவர்’ என்ற பெட்டியில் அடைப்பது, நாம் பட்ட அதே துன்பத்தை நாம் பிறருக்குச் செய்வதாகும்.

கேட்பவை எளியவை, பெரும்பணம் வேண்டாதவை:

1. நோயாளியின் சிகிச்சை அட்டையில் அவர் வீட்டில் பேசும் மொழி குறிக்கப்பட வேண்டும். மொழிவாரியாகக் கட்டுப்பாட்டு விகிதம் வெளியிடப்பட வேண்டும்.

2. மருந்துறையில் சூரியனும் நிலவும் அச்சிடப்பட்டு வேளை குறிக்கப்பட வேண்டும். ‘ராவிலெ’ என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

3. “புரிந்ததா?” என்று கேட்பதை விடுத்து, “எப்போது, எத்தனை சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்” என்று நோயாளியின் வாயால் திரும்பச் சொல்லக் கேட்க வேண்டும்.

4. தோட்டப் பகுதிகளில் தமிழ் பேசும் பெண்களை ஆஷா பணிக்கு முன்னுரிமையுடன் நியமிக்க வேண்டும். அங்கே பணியேற்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஐம்பது சொற்கள் கொண்ட பேச்சுத் தமிழ்க் கையேடு தரப்பட வேண்டும்.

5. எல்லை கடந்து வேலை செய்வோர்க்கு இரு மாநிலங்களும் ஏற்கும் ஒரே சிகிச்சை அட்டையும், மூன்று மாத மருந்தும் வழங்கப்பட வேண்டும்.

6. ‘டிஃபால்ட்டர்’ என்ற சொல் பதிவேட்டிலும் பேச்சிலும் கைவிடப்பட்டு, ‘ஏன் வரவில்லை?’ என்ற கட்டம் அவ்விடத்தில் அமைய வேண்டும்.

இறுதியாக நம் துறையினருக்கு. எல்லைப் பகுதிக் கிளைமொழிகளின் ஒலியன்களையும் விகுதிகளையும் கடன் சொற்களையும் பட்டியலிட்டு நாம் பட்டம் பெறுகிறோம். ‘-அருது’ விகுதியின் வரலாற்றைக் கருத்தரங்கில் வாசிக்கத் தெரிந்த நமக்கு, அதே விகுதி மருந்துக் கொடுக்கலிடத்தில் ஒரு மூதாட்டியின் செவியில் எப்படி விழுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை என்றால், நம் அறிவு யாருக்கானது? பொதுச் சுகாதார மாணவர்களுக்கும் இதே கேள்வி: உங்கள் வினாநிரலில் வருமானம், கல்வி, புகைப்பழக்கம் அனைத்துக்கும் இடமிருக்கிறது, மொழிக்கு இடமுண்டா?

பாலக்காடு, இடுக்கி எல்லை ஊர்களைச் சேர்ந்த மாணவர்கள், மருந்து வாங்கும் இடத்தில் மாறிப் பொருள்படும் சொற்களைக் கீழே குறிப்பிடுங்கள். நோயாளியின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ வேண்டாம். சொல்லும் ஊர் வழக்கும் போதும். நான்காவது கோரிக்கையில் சொன்ன ஐம்பது சொற்களை அரசு தொகுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாமே தொகுத்து அவர்கள் மேசையில் வைப்போம்.